மசாய் மாராவில் ஒரு நாள்

கென்யா போய் வந்ததிலிருந்து, காலை நடையில் பார்க்கிற நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சிங்கம் பார்த்தீங்களா?" பார்த்தேன். ஒன்பது பார்த்தேன். ஒன்பதும் தூங்கிக்கொண்டிருந்தன. அதைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. நடந்துகொண்டே சொல்ல வாய் வரவில்லை. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முப்பத்தைந்து ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். யாரிடமும் ஒரு ரூபாய் கை நீட்டி வாங்கியதில்லை. எந்த வேலைக்கும் யாருக்கும் கொடுத்ததும் இல்லை. பெரிய பதவி எதுவும் வகிக்காதவனுக்கு இந்த ஒன்றுதான் சொத்து. ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டவர்கள் இதைத்தான் சொன்னார்கள். நானும் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுபது வயதைத் தாண்டியபின், ஒரு காலை வேளையில், மசாய் மாரா புல்வெளியில் அந்தச் சொத்தைத் தொலைத்தேன்.

என் மகளும் மாப்பிள்ளையும் நைரோபியில் வேலை பார்க்கிறார்கள். பதினோரு வயதுப் பேரன் ஒருவன். சென்ற ஆகஸ்டில் எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டார்கள். நைரோபியிலிருந்து காரில் ஐந்தாறு மணி நேரம். ரிஃப்ட் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று ஒரு தேநீர், நாரோக் என்ற ஊரில் ஒரு சாப்பாடு, அதற்குப் பிறகு மண் சாலை. மாரா காப்பகத்தின் பரப்பு 1,510 சதுர கிலோமீட்டர். நம் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் நான்கையும் சேர்த்தாலே 500 சதுர கிலோமீட்டர் வராது. மாரா போல மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தெற்கே எல்லையைத் தாண்டினால் தான்சானியாவின் செரங்கெட்டி. மனிதர்களுக்குத்தான் அது எல்லை. விலங்குகளுக்கு வேலியும் இல்லை, விசாவும் இல்லை. 'மாரா' என்றால் மசாய் மக்களின் மொழியில் 'புள்ளி புள்ளியாக' என்று பொருளாம். உயரத்திலிருந்து பார்த்தால் பொருத்தமான பெயர்தான். வைக்கோல் நிறப் புல்லில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கரும்புள்ளிகளாய் மரங்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் வண்டியில் ஏறிவிட்டோம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் போனவர்கள் நாங்கள். அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே. என் மனைவி இரண்டு ஸ்வெட்டரைப் போட்டு மேலே சால்வையும் போர்த்திக்கொண்டாள். எனக்குக் குரங்குக் குல்லா. பேரன் என்னைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து மாளவில்லை.

வண்டியின் கூரையை மேலே தூக்கிவிட்டால் நின்றபடி பார்க்கலாம். ஓட்டுநருக்கு நாற்பது வயதிருக்கும். ஏறியதுமே என்னைப் பார்த்து "குட் மார்னிங், பாபு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வடக்கே அரசு அலுவலக எழுத்தர்களை 'பாபு' என்பார்கள். நான் குமாஸ்தா என்று இவருக்கு யார் சொன்னது? பேரன்தான் விளக்கினான். "தாத்தா, சுவாஹிலியில பாபுன்னா தாத்தா." அன்று முழுவதும் நான் பாபுவாகவே இருந்தேன். இரண்டு அர்த்தத்திலும்.

பேரன் கையில் ஒரு பட்டியல். 'பிக் ஃபைவ்' என்று ஐந்து விலங்குகள்: சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம். நடந்து போய் வேட்டையாட மிகவும் ஆபத்தானவை என்று அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் வகுத்த கணக்கு அது. துப்பாக்கி போய் கேமரா வந்துவிட்டது, பட்டியல் மட்டும் மாறவில்லை. என் கையில் ஒரு நோட்டு. ஓய்வுக்குப் பிறகு ஊசுடு ஏரியில் பறவை பார்க்கப் பழகியவன் நான். தேதி, நேரம், இடம், பறவை, எண்ணிக்கை என்று கட்டம் போட்டு எழுதினால்தான் எனக்குப் பார்த்த மாதிரி இருக்கும்.

முதல் ஒரு மணி நேரத்திலேயே ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. நம் ஊர்ப் பனங்காடையின் உறவுக்காரி ஒருத்தி, மார்பில் இளம் ஊதா பூசிக்கொண்டு, காய்ந்த கிளையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். இறக்கை விரித்தபோது அதே நீலம், எனக்கு ஊசுடு கரையே கண்ணில் வந்தது. தலையில் பொன்னிறக் கிரீடம் வைத்த கொக்குகள் இரண்டு, சேர்ந்தே மேய்ந்தன. புள்ளி போட்ட கினிக்கோழிக் கூட்டம் ஒன்று, வண்டிக்கு முன்னால் ஓடிற்றே தவிரப் பறக்க மனமில்லை. நம் கானமயிலின் சொந்தமான கோரி பஸ்டர்டு, பறக்கக்கூடிய பறவைகளில் மிகக் கனமானவற்றில் ஒன்று, ஆண் 18 கிலோ வரை வருமாம். பணக்கார வீட்டுப் பெரியவர் தோட்டத்தைச் சுற்றி வருவதுபோல் நிதானமாக நடந்து போனது.

யானைகள் வந்தன. செரங்கெட்டியிலிருந்து வந்திருந்த நூ மான்கள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை இருந்தன. ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவை மழையையும் புல்லையும் தேடிச் சுற்றி வருகின்றன. சிங்கக் கதையை முன்பே சொல்லிவிட்டேன்.

எட்டரை மணி இருக்கும். ஓட்டுநரின் வயர்லெஸ்ஸில் ஒரு பேச்சு. "தூமா" என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. பேரன் துள்ளினான். தூமா என்றால் சிவிங்கிப்புலி. நம்மில் பலர் இதையும் சிறுத்தை என்றே சொல்லிவிடுகிறோம். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அங்கே 'லெயோப்பார்' வேறு, 'கெப்பார்' வேறு என்று வாத்தியார் படம் போட்டுக் காட்டியிருந்தார். கெப்பாருக்குக் கண்ணிலிருந்து வாய் வரை ஒரு கறுப்புக் கோடு, அழுத கண்ணீர் வழிந்து காய்ந்ததுபோல. அந்தக் கோட்டை நேரில் பார்க்க வேண்டும் என்று பத்து வயதிலிருந்து ஓர் ஆசை. இந்தியாவில் பார்க்க வழியில்லை. நம் நாட்டிலிருந்து அது அற்றுப்போய்விட்டதாக 1952-இல் அறிவித்துவிட்டார்கள். 2022 செப்டம்பரில்தான் நமீபியாவிலிருந்து எட்டைக் கொண்டுவந்து குனோவில் விட்டார்கள்.

நாங்கள் போனபோது பாதையில் ஐந்து வண்டிகள் நின்றன. பாதையிலிருந்து ஏறக்குறைய இருநூறு மீட்டர் தள்ளி ஒரு மரம். அதனடியில் ஒரு தாய், இரண்டு குட்டிகள். காப்பகத்தில் விதி உண்டு. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. மற்ற வண்டிகள் தள்ளி நின்று முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். பாதையை விட்டுப் புல்லில் இறங்கவே கூடாது. எங்கள் ஓட்டுநர் விதிப்படி தள்ளி நிறுத்தி, என்ஜினை அணைத்தார். "காத்திருப்போம், பாபு."

எல்லோரும் பார்த்தார்கள். "தோ, வால் அசையுது தாத்தா!" என்றான் பேரன். எனக்குத் தெரியவில்லை. இடக்கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, வலக்கண்ணில் இன்னும் எடுக்கவில்லை. பைனாகுலரைப் பிடித்தால் கை நடுக்கம். மரம் தெரிந்தது, மரத்தடியில் ஏதோ மஞ்சள் தெரிந்தது. அவ்வளவுதான். பத்து நிமிடம், இருபது நிமிடம். முன்னால் நின்ற வண்டிகள் நகரவில்லை. இன்னொரு முறை இவ்வளவு தூரம் வருவேனா? வந்தாலும் அப்போது கண் இருக்குமா?

சட்டைப் பையில் ஆயிரம் ஷில்லிங் தாள் ஒன்று இருந்தது. நம் பணத்தில் அறுநூற்றைம்பது ரூபாய் போல. அதை எடுத்து நாலாக மடித்தேன். முன்பக்கம் குனிந்து, ஓட்டுநரின் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். "கொஞ்சம் கிட்டப் போக முடியுமா?"

அந்த மடிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தைந்து ஆண்டுகள் மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்த்தது. மனுவுக்கு அடியில் நைசாகத் தள்ளிவிட, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. விரல்களுக்கே தெரிந்திருந்தது.

ஓட்டுநர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுற்றிலும் வனக்காவலர் வண்டி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். வண்டியைக் கிளப்பி, பாதையை விட்டு இறங்கி, மரத்தின் மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார். எங்கள் பின்னாலேயே இன்னும் இரண்டு வண்டிகள் இறங்கின. வரிசையை ஒருத்தர் மீறினால் பின்னால் வருகிறவர்களுக்கு அதுவே பாதை. இதுவும் அலுவலகத்தில் பார்த்ததுதான்.

கிட்டப் போனபிறகுதான் தெரிந்தது, அவள் படுத்திருக்கவில்லை. பதுங்கியிருந்தாள். தலையைத் தாழ்த்தி, தோள்பட்டை இரண்டும் மேலே துருத்த, அசையாமல் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் திசையில், நாங்கள் சுற்றி வந்த பக்கத்தில், ஏழெட்டு தாம்சன் மான்கள். எங்கள் வண்டிச் சத்தத்தில் முதலில் ஒன்று தலை தூக்கியது. பிறகு எல்லாம். அடுத்த நொடி புல்லில் அவற்றின் வெள்ளை வால்பக்கங்கள் துள்ளித் துள்ளித் தூரப் போய்விட்டன.

சிவிங்கிப்புலி மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஆனால் சில நூறு மீட்டர்தான், அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதனால் இரைக்கு மிக அருகில் நழுவிப் போனபின்தான் ஓட்டத்தைத் தொடங்கும். சிங்கமும் கழுதைப்புலியும் பிடுங்கிக்கொள்ளும் என்ற பயத்தில் பெரும்பாலும் பகலில் வேட்டையாடும். சுற்றுலா வண்டிகள் வருவதும் அதே பகலில்தான்.

அவள் ஓடவே இல்லை. எழுந்து நின்றாள். மான்கள் போன பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. சும்மா பார்த்தாள். கண்ணிலிருந்து வாய் வரை அந்தக் கறுப்புக் கோடு, வாத்தியார் போட்ட படத்தில் இருந்ததுபோலவே. பத்து வயதில் ஆசைப்பட்டதை எழுபது தாண்டிப் பார்த்துவிட்டேன். குட்டிகள் இரண்டும் ஓடி வந்து அவள் முகத்தை நக்கின. அவள் திரும்பி மரத்தடிக்குப் போய், இந்த முறை உண்மையாகவே படுத்துவிட்டாள்.

மகள் படம் எடுத்தாள். அற்புதமான படம். வண்டியில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஓட்டுநர் மட்டும் பாதைக்குத் திரும்பும்போது மெல்லச் சொன்னார். "நேற்றும் அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று மற்ற ஓட்டுநர்கள் பேசிக்கொண்டார்கள்."

மதியம் ஒரு மரத்தடியில் துணி விரித்துச் சாப்பிட்டோம். நீலமும் ஆரஞ்சுமாக மின்னுகிற மைனாக்கள் ரொட்டித் துணுக்குக்குக் காலடி வரை வந்தன. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேரன்தான் கேட்டான்.

"தாத்தா, டிப்ஸ் கடைசி நாள்தான குடுப்பாங்க? நீங்க ஏன் நடுவுல குடுத்தீங்க?"

அவன் பார்த்துவிட்டிருக்கிறான். மகள் பேச்சை மாற்றப் பார்த்தாள். என் மனைவி விடவில்லை. "என்னங்க, எவ்வளவு குடுத்தீங்க?"

"ஆயிரம்."

"ஒங்க மேசையில ஒருத்தன்கிட்டயும் வாங்கல. இங்க வந்து குடுத்துட்டீங்க." அதட்டலாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

பேரனிடம் சொன்னேன். "அது டிப்ஸ் இல்லப்பா. லஞ்சம். தாத்தா செஞ்சது தப்பு." அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தக் குட்டிங்க இன்னிக்கு என்ன சாப்புடும்?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த மரத்தடியில் எனக்கு ஒரு பழைய முகம் ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளில் ஒரு நாள். கிராமத்திலிருந்து ஒரு பெரியவர், இறந்துபோன மகனின் காகிதம் ஒன்றுக்காக அலுவலகத்துக்கு நாலைந்து முறை வந்திருந்தார். அன்றைக்கு மனுவோடு பத்து ரூபாய்த் தாளை நாலாக மடித்து வைத்திருந்தார். நான் அதை எடுத்துத் தரையில் வீசினேன். "என்னை யாருன்னு நெனச்சே?" என்று மொத்த அலுவலகமும் கேட்கும்படி கத்தினேன். அவர் குனிந்து தாளைப் பொறுக்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்தார். கோப்பு அதன் முறைப்படி நகர்ந்தது. அன்றைக்கு என் நேர்மையை எல்லோரும் மெச்சினார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் பெருமையாகச் சொன்னேன்.

நான் வாங்காதது சரி. இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவரை விட எனக்கு என்ன பெரிய குணம் இருந்தது? என் பக்கம் மேசை இருந்தது, மாதச் சம்பளம் இருந்தது, அவசரம் எதுவும் இல்லை. அவருக்கு வயது, அலைச்சல், காத்திருந்து காத்திருந்து வந்த பயம். கொஞ்சம் கிட்டப் போக முடியுமா என்றுதான் அவரும் கேட்டார். அவர் கேட்டது மகனுக்காக. நான் கேட்டது ஒரு கறுப்புக் கோட்டைப் பார்ப்பதற்காக. அவரிடம் தாளை மெதுவாகத் திருப்பிக் கொடுத்து, "வைங்க பெரியவரே, ஒங்க முறை வரும்" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

சாப்பிட்டு முடிந்ததும் ஓட்டுநரிடம் போய், காலையில் உங்களை அப்படிக் கேட்டது என் தவறு என்றேன். பிடிபட்டால் அபராதம் அவருக்குத்தான், எனக்கில்லை. அவர் சிரித்தார். "பாபு, போகாவிட்டால் ஓட்டுநர் சரியில்லை என்று எழுதிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நாளைக்கு இன்னொருவர் கேட்டால் மாட்டேன் என்பேனா, தெரியாது. எனக்கு மூன்று பிள்ளைகள்." தாளை அவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

"இனிமேல் வயர்லெஸ் சொல்கிற இடத்துக்குப் போக வேண்டாம். பாதையில் எங்காவது நிறுத்துங்கள், என்ஜினை அணைத்துவிடுங்கள், போதும்" என்றேன். பேரனின் பட்டியலில் காண்டாமிருகமும் சிறுத்தையும் பாக்கி. முகம் சுண்டியது. ஆனாலும் சரி என்றான்.

மூன்று மணிக்கு மேல், ஒரு மேட்டருகே நிறுத்தியிருந்தபோது, புல்லுக்குள்ளிருந்து ஒருவர் நடந்து வந்தார். ஒருவர் என்றுதான் முதலில் நினைத்தேன். நாலடி உயரம், சாம்பல் நிறக் கோட்டு, முழங்கால் வரை கறுப்புக் கால்சட்டை, காதுக்குப் பின்னால் செருகிய இறகுப் பேனாக்கள். செக்ரட்டரி பறவை! தலைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இறகுகள், அந்தக் காலக் குமாஸ்தாக்கள் காதில் செருகிய எழுதுகோல்கள்போல் இருப்பதால் வந்த பெயர் என்று பலரும் சொல்வார்கள். பிரெஞ்சிலும் அதற்கு 'செக்ரெத்தேர்' என்ற பெயர் உண்டு. அதே சொல் எழுது மேசைக்கும் பெயர். நான் என் நோட்டில் 'எழுத்தர் பறவை' என்று எழுதிக்கொண்டேன்.

கழுகு இனத்துக்கு நெருங்கிய சொந்தம். பறக்கத் தெரியும், ஆனால் வேலையெல்லாம் நடைதான். ஒரு நாளில் 20 கிலோமீட்டருக்கு மேல் நடக்கும். வெட்டுக்கிளி, எலி, பல்லி, பாம்பு என்று எது அகப்பட்டாலும் மிதித்தே கொல்லும். அந்த மிதியில் தன் எடையைப் போல ஐந்து மடங்கு விசை இருப்பதாக அளந்திருக்கிறார்கள். அழிவின் ஆபத்தில் உள்ள பறவைகளில் இப்போது இதுவும் ஒன்று.

நாங்கள் பேசவில்லை. வேறு வண்டி எதுவும் வரவில்லை. அது பாட்டுக்கு வந்தது, நின்றது, ஒரு புல் கட்டையை மிதித்துப் பார்த்தது, தலை சாய்த்துக் கவனித்தது, மறுபடி நடந்தது. கோப்பைப் புரட்டுகிற மாதிரி, ஒரு கட்டையையும் விடவில்லை. நாற்பது நிமிடம். கடைசியில் ஓர் இடத்தில் 'டப் டப்' என்று நாலைந்து மிதி. குனிந்து எதையோ எடுத்து விழுங்கியது.

"பாம்பா தாத்தா?" என்று பேரன் காதோடு கேட்டான்.

"எனக்குத் தெரியலப்பா."

"எனக்கும் தெரியல." சிரித்தான். "பரவால்ல. சாப்புட்டுச்சு."

ஊர் திரும்பியபின் படித்தேன். மாராவின் சிவிங்கிப்புலிகளைப் பற்றி 2018-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. சுற்றுலா வண்டிகள் மிகுந்த பகுதிகளில் ஒரு தாய் வளர்த்து ஆளாக்கிய குட்டிகள் சராசரியாக ஒன்றுகூட இல்லை. வண்டிகள் குறைந்த பகுதிகளில் இரண்டுக்கு மேல். அந்த இரண்டு குட்டிகளை நினைத்துக்கொண்டேன். அன்று மாலை அவற்றுக்கு ஏதாவது கிடைத்திருக்கலாம். கிடைக்காமலும் போயிருக்கலாம்.

படம் போடச் சொல்லிச் சிலர் கேட்டிருக்கிறீர்கள். மகள் எடுத்த சிவிங்கிப்புலி படத்தைப் போட மனம் வரவில்லை. எழுத்தர் பறவை படம் போடுகிறேன். தூரத்தில், பாதையிலிருந்தே எடுத்தது. சின்னதாகத்தான் தெரியும். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.